கனகராயன் ஆறு முடியும் இடத்தில்

வனவிலங்குகளைப் பார்க்கிற வேலை என்றதும் சொந்தக்காரர் எல்லோரும் யானையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். யானை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். சுண்டிக்குளம் பக்கத்துப் பொறுப்பு என் கைக்கு வந்த ஐப்பசி முதல் இந்த ஐப்பசி வரை என் தலைக்குள் நிறைந்திருந்தது இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம். அம்மா காலையில் நாட்காட்டியில் இராகுகாலம் பார்ப்பதைப்போல, எழுந்ததும் குளம் எத்தனை அடி என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

வரைபடத்தை விரித்தால் காரணம் விளங்கும். கனகராயன் ஆறு வவுனியாவில் சேமமடுப் பக்கம் தொடங்கி வடக்கு நோக்கி ஓடுகிறது. வழியில் இரணைமடுவில் தேங்குகிறது. அங்கே மிஞ்சிய தண்ணீர் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான் தாழ்நிலங்களைக் கடந்து, கடலோரத்து உவர்நீர்ப் பரப்பான சுண்டிக்குளம் களப்பில் விழுகிறது. 1902இல் இரணைமடுவின் வேலை தொடங்குவதற்கு முன்பு ஆறு தன்பாட்டில் களப்புக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது அனுப்பினால்தான் வருகிறது. மாரியில், குளத்தில் மிஞ்சும் தண்ணீரைத் திறந்துவிடும் வான் கதவு வழியாக வரும், கோடையில் வயல்களின் கழிவு வாய்க்கால் வழியாக வரும். நெத்தலியாறும் இதே களப்புக்குத்தான் வருகிறது. அதன் தலைமாட்டில் கல்மடுக் குளம் இருக்கிறது. 2009 ஜனவரியில், போரின் கடைசி மாதங்களில், அந்தக் குளத்தின் அணை தகர்க்கப்பட்டபோது தண்ணீர் எந்த வழியாகப் பாய்ந்தது என்று இங்குள்ளவர்கள் இன்றும் கை நீட்டிக் காட்டுவார்கள். நான் காவல் இருக்கிற நிலத்துக்குத் தண்ணீர் விடுகிற கை என்னுடையது அல்ல. இந்த ஒரு விடயம் விளங்கியிருந்தால் என் வேலையின் முக்கால்வாசி விளங்கிவிடும்.

சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2015இல் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்ந்தது. பரப்பு 19,565 ஹெக்டேயர். கேட்பதற்குப் பதவி உயர்வு மாதிரி இருக்கிறது. ஆனால் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், ஆட்கள் வாழலாம், போய் வரலாம். தேசியப் பூங்கா என்றால் முழுவதும் அரச காணி. உள்ளே கால் வைப்பதற்கே அனுமதி வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் களப்பின் ஓரத்தில் வலை வீசியும் மாடு மேய்த்தும் வந்தவர்கள் போரில் இடம்பெயர்ந்து, முகாம்களில் கிடந்து, திரும்பி வந்து கூரை போட்டு முடிப்பதற்குள் எல்லைக் கற்கள் நடப்பட்டன. அந்தக் கற்களை நட்டது நான் அல்ல. ஆனால் இன்று அவற்றின் அருகே சீருடையோடு நிற்பது நான்தான்.

நவம்பரில் வாடை திரும்பி மழை பிடித்தது. இரணைமடு 36 அடியில் நிறையும். நிறையும்வரை பொறுப்பதா, வானிலை அறிவித்தலைப் பார்த்து முன்கூட்டியே கதவுகளைக் கொஞ்சம் உயர்த்தி விடுவதா என்பதில் கிளிநொச்சியில் ஆளுக்கொரு கருத்து உண்டு. புனரமைத்த குளத்தை 2018 டிசம்பரில் திறந்து வைத்தார்கள். அடுத்த சில வாரங்களுக்குள் வந்த வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. முன்னதாகத் திறந்து, பிறகு மழை பொய்த்தால் கோடை நெல்லான சிறுபோகம் போய்விடும். பிந்தித் திறந்தால் கீழே உள்ள வீடுகளுக்குள் தண்ணீர் போய்விடும். இந்த வாதத்தில் களப்பின் சார்பாகப் பேச ஆள் கிடையாது. களப்புக்குத் தண்ணீரின் அளவைவிட அது வருகிற வேகமே பெரிய விடயம். ஒரு வாரமாக மெல்ல மெல்ல வந்தால் உவர் படிப்படியாக இறங்கும். இறாலும் மீன் குஞ்சுகளும் இடம் மாறிக்கொள்ளும். ஓர் இரவில் மொத்தமாக வந்தால் அவற்றுக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

கதவுகள் திறந்த மறுநாள் ஊரியான் பக்கம் போனேன். கபில நிறத் தண்ணீரில் வைக்கோலும் பிளாஸ்டிக் போத்தல்களும் ஒற்றைச் செருப்பும் சுழன்று வந்தன. கரை நெடுகிலும் வீச்சு வலையோடு ஆட்கள் நின்றார்கள். சாரத்தை மடித்துக் கட்டிய பொடியன்கள் வயல் வரம்பில் வெறுங்கையால் விரால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பான் மீன் பைக்கணக்கில் கரைக்கு வந்தது. 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். தண்ணீர் வடிந்து களப்பில் உவர் மீண்டும் ஏறும்போது, குளத்திலிருந்து அடித்து வரப்பட்ட மீன்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். ஜப்பான் மட்டும் தாக்குப்பிடிக்கும். அது தெரிந்ததுபோலக் கீழே கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் வந்து கூடியிருந்தன. பூங்காவின் எல்லை அங்கிருந்து தள்ளித்தான் தொடங்குகிறது. நானும் இரண்டு விரால் வாங்கிக்கொண்டு வந்தேன். வெள்ளத்து விராலைக் கண்டும் விலை கேட்காமல் போகிற அதிகாரியை வன்னியில் யாரும் நம்பமாட்டார்கள்.

பூநாரைகள் அதற்குள் இடம் மாறியிருந்தன. அவை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகால் உவர் நீரிலுள்ள சிற்றுயிர்களை வடித்துத் தின்பவை. தண்ணீர் ஆழமாகி உவரும் இறங்கிவிட்டால் அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. அவை விட்டுப்போன இடத்தில் சில நாட்களுக்குள் ஊசிவால் வாத்துகள் வந்து இறங்கின. வடக்கே வெகு தொலைவில், சைபீரியாப் பக்கம் முட்டையிட்டுவிட்டு வருபவை. ஒரே களப்பில் ஒரு பறவைக்கு நல்ல காலம் என்பது இன்னொன்றுக்குக் கெட்ட காலம். பறவை பார்க்க வருகிறவர்கள் பூநாரை எங்கே என்று என்னிடம் கோபிக்கிறார்கள். வான் கதவிடம் கேளுங்கள் என்று சொல்ல வாய் வரும்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. விடியற்காலையில் தொலைநோக்கியோடு கரையில் நின்று, பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பழக்கி, பிறகு நூறு, ஆயிரம் என்று கூட்டத்தை வெட்டி வெட்டி எண்ணுவது. பாதி எண்ணும்போது ஒரு பருந்து வந்து எல்லாவற்றையும் எழுப்பிவிடும். திரும்ப முதலிலிருந்து. உதவிக்கு வந்த பல்கலைக்கழக மாணவி ஒருத்தி கடைசியில் பருந்தைத்தான் திட்டினாள்.

இந்த வருடம் எனக்கு அதிகம் கற்பித்தவர் மாட்டுப் பட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர். மாரி நெல்லான காலபோகம் விதைத்துவிட்டால் ஊரில் மாட்டை அவிழ்த்துவிட முடியாது. கட்டாக்காலி என்று பிடித்துக் கட்டிவிடுவார்கள். ஆகவே பட்டிகளைத் தரவைக்கு, களப்போரத்துப் புல்வெளிக்கு, ஓட்டுகிறார்கள். வலசைப் பறவைகள் வந்து இறங்கும் மாதங்களும் அவைதான், இடமும் அதுதான். பெரியவரின் மாடுகள் கல்லுக்கு உள்ளே நின்றன, அவர் கல்லுக்கு வெளியே நின்றார். நான் விளக்கமாகச் சட்டத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“பிள்ளை, நான் கல்லுக்கு இங்கால்தான் நிற்கிறேன். மாட்டுக்கு வாசிக்கத் தெரியாது.”

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்று பட்டி மேய்ந்த இடம். புல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஈரமான சாணத்தைச் சுற்றி உள்ளான்கள் கொத்திக்கொண்டு திரிந்தன. மற்றது மாடு போகாத துண்டு. புல் முழங்காலுக்கு மேலே நின்றது, ஓரத்திலிருந்து பற்றை ஏறிக்கொண்டு வந்தது. ஒரு குருவி இல்லை. “உங்கள் குருவிகளுக்கு எது பிடித்திருக்கிறது என்று அவற்றைக் கேளுங்கள்” என்றார். அளவுக்கு மேல் மேய்ந்தால் நிலம் மொட்டையாகும் என்பது உண்மை. அவரும் அதை மறுக்கவில்லை. தரவை எத்தனை மாட்டைத் தாங்கும் என்று கேட்டபோது, தன்னுடையதையும் சேர்த்துக் கணக்குச் சொல்லி, இப்போது நிற்பது அதைவிடக் கூட என்றார். அந்த நேர்மை பல அறிக்கைகளில் கிடையாது. இன்னின்ன மாதத்தில், இவ்வளவு பட்டிகளுக்கு, இன்ன எல்லைக்குள் என்று ஒரு முன்மொழிவு எழுதி மேலே அனுப்பினேன். கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளதாகப் பதில் வந்திருக்கிறது.

மாசி பிறந்து ஆறு வற்றத் தொடங்கியதும் மணல். பகலில் போனால் ஆறு வெறிச்சென்று கிடக்கும். ஆனால் படுக்கை முழுவதும் டயர்த் தடங்கள், கரையில் வெட்டிய சரிவுப் பாதை, எண்ணெய்ச் சொட்டுகள், பீடித் துண்டுகள். மணல் அள்ளுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், ஏற்றிப் போவதற்கு வேறொன்று வேண்டும். இரண்டும் வைத்திருப்பவர்கள் பகலில் அள்ளுகிறார்கள். மற்றவர்கள் நள்ளிரவுக்குப் பின்.

மணல் வேண்டாம் என்று சொல்லும் தகுதி இங்கே யாருக்கும் இல்லை. போருக்குப் பிறகு வன்னியில் ஊர் ஊராக வீடு கட்டினார்கள். இந்திய வீட்டுத்திட்டம் மட்டும் வடக்கு, கிழக்கு, மலையகம் எல்லாம் சேர்த்து 50,000 வீடு என்று அறிவிக்கப்பட்டது. நான் குடியிருக்கும் அறையின் சுவரிலும் இந்த ஆற்று மணல்தான் இருக்கிறது. அந்த வீடுகளுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் மணல் போனதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. இப்போது வரிசையாக நிற்கும் டிப்பர்கள் வன்னியில் வீடு கட்டவில்லை.

மணல் போனால் என்ன நடக்கும் என்பதை ஒரு மருத மரத்தின் அடியில் பார்த்தேன். கரையோரத்தில் நூறு வருடத்துக்குக் குறையாமல் நின்றிருக்கும் மரம். அதன் அடியில் ஆளுயரத்துக்கும் கூடுதலாக மண் போய்விட்டிருந்தது. தொடையளவு வேர்கள் வெளியே தொங்கின. அவற்றில் முந்தைய மாரிகளின் வெள்ளக் குப்பை இன்னும் சிக்கியிருந்தது. அதிலிருந்து, ஆற்றின் படுக்கை முன்பு எந்த உயரத்தில் இருந்தது என்று அளந்தே சொல்லிவிடலாம். வேர்களின் இடுக்கில் நீர்நாயின் எச்சம், மீன் செதில் மின்ன, காய்ந்து கிடந்தது. வளை தோண்டுவதற்கு நீர்நாய்க்கு அங்கே இனி மண் இல்லை. மரம் அடுத்த வெள்ளத்துக்கு விழும். விழுந்தால் கரையும் அதோடு போகும்.

படுக்கை இறங்கினால் களப்பின் உவர் ஆற்றுக்குள் ஏறுகிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. கரைக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அம்மா, தன் கிணற்றுத் தண்ணீரில் இப்போது பருப்பு அவிவதில்லை என்றார். நான் உப்புமானியோடு அலைந்து பதிவு செய்ததைவிட அந்த ஒரு வசனம் கூட்டத்தில் நன்றாக எடுபட்டது. அவருடைய மகன் இரவில் டிப்பருக்கு மணல் நிரப்பப் போகிறான் என்பதும் ஊருக்குத் தெரியும். கூலி வேலை இல்லாத மாதங்களில் வேறு என்ன செய்வான் என்று அந்த அம்மாவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

இரவு ரோந்தில் ஒரு டிப்பரை மறித்தபோது சாரதி கண்ணாடியை இறக்கி, “மிஸ், தனியாகவா வந்தீர்கள்?” என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தான். பின்னால் பொலிஸார் வந்துகொண்டிருந்தார்கள். அவனுக்கு மேலே உள்ளவர்கள் யாரும் இதுவரை ஆற்றுப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

கோடை. யானைக்கு வருகிறேன் என்று சொன்னேன். அறுவடை நெருங்கினால் வரும், வந்தால் விரட்டுவதற்கு ஊரவர்கள் வெடி கேட்பார்கள், கொடுப்போம். ஒவ்வொரு இரவும் வெடிச் சத்தம் கேட்கிற யானை அதற்கும் பழகிவிடுகிறது. மின்வேலி நல்ல ஏற்பாடுதான், ஆனால் இந்த நாட்டில் பல இடங்களில் அதை இரண்டு திணைக்களங்களின் காணி எல்லையில் போட்டிருக்கிறார்கள்; வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. வேலி நிற்க வேண்டிய இடம் வயலின் ஓரம். இதை ஆராய்ச்சிக்காரர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், யானைகளும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போகிறவர்களுக்குக் கரடியைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருந்தது. கரடியும் அந்தப் பழத்துக்குத்தான் வருகிறது. மரத்தில் நகக் கீறல் புதிதாக இருந்தால் வேறு மரம் பார்க்கச் சொன்னேன். ஆற்று மடுக்கள் வற்ற, முதலைகள் மிஞ்சிய மடுவுக்கு நடந்தே போயின. சில கரையில் வளை தோண்டிக் கிடந்தன. மணலுக்காகச் செங்குத்தாக வெட்டப்பட்ட கரையில் வளை நிற்பதில்லை, இடிந்துவிடுகிறது. அப்போது அவை ஊர்க் குளத்துக்கு வரும். குளத்தில் முதலை வந்துவிட்டது என்று தொலைபேசி வரும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது டிப்பர்தான்.

களப்பின் ஆழமற்ற மூலைகளில் உப்புப் படிந்தது. கடல்நீரில் லீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு; கோடை முற்றினால் இங்கே அதைத் தாண்டும். யாழ்ப்பாணத்தில் குடிநீர்ப் பேச்சு எழுவதும் இந்த மாதங்களில்தான். பேச்சு எழுந்தால் ஆறுமுகம் திட்டமும் எழும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் முன்வைத்தது: கனகராயன் ஆறு கடலில் கலப்பதைச் சுண்டிக்குளத்தில் ஓர் அணையால் மறித்து, ஆனையிறவுக் களப்பை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக அந்தத் தண்ணீரை வடமராட்சிக் களப்புக்குக் கொண்டுபோவது. 1960களில் வேலைகள் தொடங்கின. அணை பிறகு உடைப்பெடுத்தது, திட்டம் முழுமையடையவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளை அறிந்த எவருக்கும் அந்த யோசனையின் பெருமை விளங்கும். நானும் அங்கே வளர்ந்தவள்தான். ஆனால் அது நிறைவேறினால் பூநாரை இல்லை, களப்பு இறால் இல்லை, அந்த இறாலை நம்பிய குடும்பங்களுக்கு வேறு தொழில் பார்க்க வேண்டும். திட்டத்தை ஆதரிப்பவர்கள் ஆற்று நீர் வீணாகக் கடலுக்குப் போகிறது என்கிறார்கள். அந்தத் தண்ணீர் வீணாகப் போவதை நான் இதுவரை ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஜூன், ஜூலையில் காய்ந்த சேற்றுத் தரையில் நெடுங்கால் உள்ளான்கள் முட்டையிட்டன. கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு சிறு பள்ளம், நான்கைந்து சுள்ளி, ஓரத்தில் உப்புப் பொருக்கு. நான்கு முட்டைகள், கூர்முனை உள்நோக்கி, சேற்றின் நிறத்தில் கரும்புள்ளிகளோடு. கண்ணை எடுத்தால் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. நண்பகலில் தாய்ப்பறவை எழுந்து நீரோரம் போய், அடிவயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளின் மேல் நின்றது. அந்தச் சூட்டில் முட்டையை அடைகாப்பதைவிட ஆற்றுவதுதான் வேலை. நானும் உதவியாளரும் கூடுகளுக்குத் தள்ளித் தடிகள் நட்டு அடையாளம் வைத்தோம். பட்டிக்காரப் பெரியவரிடம் சொன்னேன். தன் மாடுகளை வேறு வழியாகத் திருப்பினார்.

பிறகு ஒரு காலையில் தண்ணீர் வந்தது. மழை இல்லை. மேலே சிறுபோக நெல் முற்றி, அறுவடைக்காக வயலை உலர்த்தக் கழிவு வாய்க்கால்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்திருக்கிறார்கள். நான்கு விரற்கிடை உயரம்தான், ஆனால் தட்டையான தரையில் அதுவே போதும். அடையாளத் தடிகள் நின்றன, சுற்றிலும் முட்டைகள் மிதந்தன. சில பறவைகள் சுள்ளிகளையும் சேற்றையும் அள்ளி அள்ளி முட்டைகளின் கீழே திணித்துக் கூட்டை உயர்த்தப் பார்த்தன. ஓரிரண்டு அப்படித் தப்பின.

யாரையும் குறைசொல்ல முடியாத அழிவு அது. வயலை உலர்த்தாமல் அறுக்க முடியாது. வரம்பில் நிற்கிற கமக்காரருக்குக் கீழே எட்டாத தூரத்தில் ஒரு பறவை முட்டையிட்டிருப்பது எப்படித் தெரியும்?

ஆகவே இந்த மாதம் காலபோகக் கூட்டத்துக்குப் போனேன். விதைப்புத் திகதி, எத்தனை ஏக்கர், குளத்தில் எத்தனை அடி என்று பேச்சு நீண்டது. மதியத்துக்குப் பிறகு எனக்கு நேரம் கொடுத்தார்கள். இரண்டு கேட்டேன்: வான் கதவு திறப்பதற்கு முன் எங்கள் அலுவலகத்துக்கும் ஓர் அழைப்பு, வருகிற சிறுபோகத்தில் கழிவு வாய்க்கால்களைப் பிந்தித் திறப்பது. முதலாவதற்கு எதிர்ப்பு இல்லை. தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொண்டார்கள். இரண்டாவதற்குக் கமக்காரர் அமைப்புத் தலைவர் ஒருவர் எழும்பினார்.

“முட்டை பொரிக்க எத்தனை நாள், மிஸ்?”

இருபத்தைந்து நாள் வரை ஆகும் என்றேன். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இருபத்தைந்து நாள் நெல் நிற்காது, அறுவடை இயந்திரமும் எங்களுக்காக நிற்காது, ஆனால் எல்லா வாய்க்காலையும் ஒரே நாளில் திறக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்றார். பகுதி பகுதியாக, நாலைந்து நாள் இடைவெளி விட்டுத் திறந்தால் தண்ணீர் கீழே போய்ச் சேர்வதற்குள் பாதி மண்ணில் சுவறிவிடும். எந்தப் பகுதியை முதலில் திறப்பது என்பதை நேரில் வந்து நிலத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம். எப்போது வரட்டும் என்று கேட்டார். ஆனி பிறந்ததும் என்றேன். கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதினார்கள். அடுத்த விடயம், உர விநியோகம்.